வலி போய்விட்டது, ஓடலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 42. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வங்கியில் வேலை. பதினாறு நாட்களுக்கு முன் கோவாவில் ஹாஃப் ட்ரையத்லான் முடித்தேன். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மொத்தம் 7 மணி 50 நிமிடம். உடம்பில் நீர் வற்றிவிடக் கூடாது என்று, தண்ணீர் வைத்திருந்த இடத்திலெல்லாம் நின்று குடித்தேன். முட்டி வலிக்காக ஓட்டம் தொடங்கும் முன் ஒரு டைக்ளோஃபெனாக் 50, பாதி வழியில் இன்னொன்று போட்டுக்கொண்டேன். முடித்த பிறகு கடுமையான தலைவலி, இரண்டு முறை வாந்தி. விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. நண்பர்கள் டீஹைட்ரேஷன் என்று சொல்லி இன்னும் ஒரு லிட்டர் குடிக்க வைத்தார்கள். விடுதியில் எடை பார்த்தால் 73.3 கிலோ, அன்று காலை அதே மெஷினில் 72.1. இரவு சிறுநீர் கொஞ்சமாக, கடுங்காப்பி நிறத்தில் போனது. மறுநாள் மதியம் தெளிந்தது.

ஊர் திரும்பிய அன்று நல்ல மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்துதான் வீட்டுக்குப் போனேன், காலில் கொப்புளங்கள் வேறு. மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை செய்தேன். சிபிகே 4,200, எஸ்ஜிஓடி 190, எஸ்ஜிபிடி 82, கிரியாட்டினின் 1.3. ஈரல் பாதித்திருக்கிறது என்று ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஆறாம் நாள் 101 டிகிரி காய்ச்சல். இரண்டு நாளில் விட்டது. இப்போது தொடை வலி சுத்தமாக இல்லை. காலையில் முதல் அடி வைக்கும்போது மட்டும் இடது குதிகால் அடியில் குத்துகிறது. ஈரலுக்கு என்ன ஆனது? எப்போது ஓடலாம்? அடுத்த வருடம் ஃபுல் போகலாமா?

பதில்:

ஈரலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று மாலை வந்த தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் தண்ணீர் மிஞ்சியதால் வந்தவை. கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது: 1.2 கிலோ கூடிய எடை.

எட்டு மணி நேரம் உழைத்த உடம்பின் எடை குறையத்தான் வேண்டும். தசையில் சேமித்த மாவுச்சத்து எரிகிறது, அதோடு ஒட்டியிருந்த நீரும் வெளியேறுகிறது. அதனால் 72 கிலோ உள்ளவர் பந்தய முடிவில் ஒன்று, ஒன்றரை கிலோ இறங்கியிருந்தால் கவலையே இல்லை. எடை காலையில் இருந்தது போலவே இருந்தாலும் அதிகம் குடித்திருக்கிறார் என்றுதான் பொருள். நீங்கள் அதற்கும் மேலே போயிருக்கிறீர்கள்.

மிஞ்சிய தண்ணீர் சிறுநீராகப் போய்விடாதா என்று கேட்கலாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில் போய்விடும். நீண்ட நேர உழைப்பு, குமட்டல், வலி எல்லாம் சேரும்போது மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அது சிறுநீரகத்திடம் 'நீரை விடாதே' என்று சொல்கிறது. குடித்தது உள்ளேயே தங்கி ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. 135க்குக் கீழே இறங்கினால் சோடியக் குறைவு. அளவு விழ விழ மூளைச் செல்கள் நீரை உறிஞ்சி வீங்குகின்றன. தலைவலி, வாந்தி, குழறல், முற்றினால் வலிப்பு. நீங்கள் போட்ட டைக்ளோஃபெனாக் அந்த ஹார்மோனின் வேகத்தைக் கூட்டும் மருந்து. பந்தயத்தில் ரத்தமெல்லாம் காலுக்கும் தோலுக்கும் ஓடும்போது, சிறுநீரகம் தன் ரத்தக்குழாயை விரித்து வைத்துக்கொள்ளப் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களைத்தான் நம்பியிருக்கிறது. அவற்றின் உற்பத்தியை அடைப்பதுதான் இந்த வகை வலி மாத்திரைகளின் வேலை. ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். பந்தயத்துக்கு முந்தைய நாளிலிருந்து முடிந்து இரண்டு நாள் வரை இவை எதையும் தொடாதீர்கள். பாராசிட்டமால் அந்தக் குடும்பம் இல்லை என்றாலும், முட்டி வலியை மாத்திரையால் மூடி 21 கி.மீ. ஓடுவது எனக்கு உடன்பாடில்லை.

அந்த நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொடுத்தவர்கள் அன்பால் கொடுத்தார்கள். ஆனால் வாந்தி நின்றது உங்கள் நல்ல நேரம். இந்த அறிகுறிகளோடு எடையும் கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்த வேண்டும். நன்றாகச் சிறுநீர் போகும் வரை வெறும் தண்ணீர், இளநீர் இரண்டும் கூடாது. அரை டம்ளரில் உப்புக் கரிக்கும் சூப் கொடுக்கலாம். பேச்சு தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அங்கே 3 சதவீத உப்புக் கரைசல் 100 மி.லி. நரம்பில் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை வரை. நம் ஊரில் சோர்ந்து விழுந்தவருக்கு எல்லோரும் கேட்பது 'ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க'. வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இந்த நிலையில் நிலைமையை மோசமாக்கும். உடன் இருப்பவர் டாக்டரிடம் 'காலையில் இவ்வளவு எடை, இப்போது இவ்வளவு' என்று இரண்டு எண்ணைச் சொன்னாலே பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி.

இனி ஈரல். எஸ்ஜிஓடி ஈரலில் மட்டும் இருக்கும் என்சைம் இல்லை, தசையிலும் ஏராளம். எஸ்ஜிபிடியும் கொஞ்சம் இருக்கிறது. 21 கி.மீ. கான்கிரீட்டில் இறங்கிய தொடைத் தசையின் இழைகள் நுண்ணளவில் கிழிந்து, உள்ளிருப்பது ரத்தத்தில் கசிகிறது. தசை என்சைமான சிபிகேதான் அதன் முத்திரை. வழக்கமான மேல் எல்லை சுமார் 200, உங்களுக்கு 4,200. நீண்ட பந்தயம் முடித்தவர்களிடம் இப்படிச் சில ஆயிரங்களைப் பார்ப்பது அபூர்வமில்லை. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியை விட இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பதும், கூடவே சிபிகே இவ்வளவு ஏறியிருப்பதும் தசையைத்தான் காட்டுகின்றன. ஈரல்தானா என்று தீர்க்க பிலிருபினும் ஜிஜிடியும் போதும். தசை கிழிந்தால் இவை உயராது.

பந்தயம் ஓடியதை அந்த டாக்டரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாமல் இந்த ரிப்போர்ட்டை நீட்டினால் எவரும் ஈரலைத்தான் சந்தேகிப்பார். இதயத்துக்கான டிரோபோனின்கூட இப்படிப்பட்ட பந்தயத்துக்குப் பிறகு ஆரோக்கியமானவர்களிடம் தற்காலிகமாக உயரும். மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் எடுக்க விரும்புகிறவர்கள் பந்தயம் முடிந்து இரண்டு வாரமாவது தள்ளி எடுங்கள்.

எனக்கு உறுத்துவது என்சைம் இல்லை, கடுங்காப்பி நிறச் சிறுநீரும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3-ம். தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரைக் கருக்கச் செய்யும். அதிகமானால் சிறுநீரக நுண்குழாய்களை அடைக்கும். அதற்கு மேல் இரண்டு டைக்ளோஃபெனாக் வேறு. மறுநாளே தெளிந்ததால் பெரும்பாலும் ஆபத்து கடந்திருக்கும். ஆனாலும் 'பெரும்பாலும்' என்பதை ரிப்போர்ட்டில் பார்த்துவிட வேண்டும். இந்த வாரமே வெறும் வயிற்றில், முந்தைய மூன்று நாள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் கொடுங்கள்: சிபிகே, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஜிஜிடி, பிலிருபின், கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீர்ப் பரிசோதனை. கிரியாட்டினின் பழைய அளவுக்கு வராவிட்டால் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். ஈரல் மாத்திரையை என் எழுத்தை நம்பி நிறுத்த வேண்டாம். புது ரிப்போர்ட்டையும் பந்தயத் தேதியையும் கொடுத்தவரிடமே காட்டுங்கள். இன்னொரு முறை இப்படிக் கருத்துப் போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே போய்ச் சிறுநீர் பாருங்கள். சிறுநீரில் நனைக்கும் பரிசோதனைப் பட்டையில் ரத்தம் இருப்பதாகக் காட்டி, மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு தென்படவில்லை என்றால் அது பெரும்பாலும் மயோகுளோபின்.

அந்தக் காய்ச்சலை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் நினைவுக்கு வர வேண்டும். கொப்புளம் உடைந்த காலோடு தேங்கிய தண்ணீரில் நடந்திருக்கிறீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே போக அதைவிட நல்ல வாசல் இல்லை. அதன் அறிகுறிகள் என்ன தெரியுமா? காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, நிறம் மாறிய சிறுநீர், ஏறிய சிபிகே. 'பந்தய வலிதான்' என்று ட்ரையத்லான் ஓடியவர் எளிதாக ஏமாந்துவிடுவார். உங்கள் காய்ச்சல் தானே விட்டதால் சாதாரண வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எலிக்காய்ச்சல் ஒரு முறை விட்டு மறுபடி வரும் குணம் உள்ளது. திரும்பக் காய்ச்சல் அடித்தால் அன்றே போய், வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லி அதற்கான பரிசோதனை கேளுங்கள். டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளில்தான் பயன்படும். இப்போது காலம் கடந்துவிட்டது. தட்டணு எண்ணிக்கையை மேலே சொன்ன பரிசோதனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அது தெரியும் வரை டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை வேண்டாம் என்பதற்கு இந்த டெங்கு சந்தேகம் இரண்டாவது காரணம். படபடப்பு, நெஞ்சுவலி, படி ஏறினால் மூச்சு வாங்குதல் இருந்தால் ஈசிஜி எடுக்காமல் ஷூவைக் கட்டாதீர்கள். சில வைரஸ்கள் இதயத் தசையையும் தொடும்.

எப்போது ஓடலாம்? தொடை வலி போனதை நீங்கள் பச்சை விளக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், நாலைந்து நாளில் வலி ஆறிவிடும். தசைநாண், பாதத்தின் அடிநார் இவற்றுக்கு ரத்தம் குறைவு, ஆறுவதும் மெதுவு. எலும்பும் மெதுவாகத்தான் ஆறும். தொடை 'தயார்' என்று சொல்லும் மூன்றாம் வாரத்தில்தான் குதிகாலும் கீழ்க்கால் எலும்பும் காயம் படுகின்றன. உங்கள் குதிகால் இப்போதே கை தூக்கிவிட்டது.

காலையில் முதல் சில அடிகளில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் அது பாத அடிநார் அழற்சி. வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடப்பதை நிறுத்துங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. நம் வீட்டில் இது சுலபமாக நடக்காது என்று தெரியும், வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். படுக்கையை விட்டு இறங்கும் முன் கால்விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பத்து விநாடி, பத்து முறை. முக்கியமான மருந்து அடுத்தது: படிக்கட்டு விளிம்பில் இடது முன்பாதம் மட்டும் பதிய நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விநாடி எடுத்துக் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். 12 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதானதும் முதுகில் பையை மாட்டி எடையைக் கூட்டுங்கள். பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம், பாதியில் விடாதீர்கள். மாறாக, ஒரு விரல் நுனியால் தொட்டுக்காட்டும்படி எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது வலித்தால், இரவிலும் வலித்தால் எலும்பு விரிசலை நினையுங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாக வரும், அதை நம்பி ஓடக் கூடாது, எம்ஆர்ஐ கேளுங்கள். நெடுந்தூரப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம், அதை உருவிவிடவே கூடாது.

ரிப்போர்ட் நன்றாக வந்தால் இப்படித் தொடங்குங்கள். முதல் வாரம் 30 நிமிட நடையும், இரண்டு நாள் குளத்தில் 20 நிமிட மெதுவான நீச்சலும். கொப்புளம் மூடியிருந்தால் மட்டும் நீச்சல். இரண்டாம் வாரம் மூன்று நாள் 45 நிமிடம் சைக்கிள், முழு வாக்கியம் பேச முடியும் வேகத்தில். மழை விடாவிட்டால் வீட்டிலேயே, சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் ட்ரெய்னரில். மூன்றாம் வாரம் மூன்று நிமிடம் மெதுஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலைக் குதிகால் வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல் இருந்தால் அடுத்த வாரம் இரண்டு சுற்று கூட்டலாம். வேகமும் மெதுவும் மாறி மாறி ஓடும் இன்டர்வெல் பயிற்சி, மேம்பால ஏற்றம், நண்பர்களோடு போட்டி எல்லாம் ஐந்தாம் வாரத்துக்கு மேல். தினமும் எழுந்ததும் படுத்தபடியே நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். பந்தயத்துக்கு முந்தைய சராசரியை விட ஆறேழு கூடியிருந்தால் அன்று நடை மட்டும். வாட்ச் காட்டும் 'ரெக்கவரி 92 சதவீதம்' என்பதற்கு நான் அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை.

சாப்பாட்டில் புதுமை ஒன்றும் தேவையில்லை. புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம், உங்களுக்கு நாளைக்கு 115 கிராம், நாலைந்து வேளையாகப் பிரித்து. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், முட்டை ஒன்றில் 6. எலும்பு சூப்பில் உப்பும் ருசியும் இருக்கிறது, புரதம் எதிர்பார்க்கிற அளவு இல்லை. சோறைக் குறைக்கிற மாதம் இது இல்லை. எண்ணெய்க் குளியல் சுகமாக இருந்தால் செய்யுங்கள்; பந்தயம் முடிந்த முதல் மூன்று நாள் மட்டும் அழுத்தி உருவிவிடச் சொல்லாதீர்கள், கிழிந்த தசைக்கு அது நல்லதில்லை. புதுச்சேரிக்கு அரை மணி நேரத் தொலைவில் இருப்பவருக்கு இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: வெற்றிக் கொண்டாட்டத்தின் மது தூக்கத்தையும் தசை மீள்வதையும் கெடுக்கும். இந்தச் சிறுநீரக ரிப்போர்ட் சரியாகும் வரை ஒரு துளியும் வேண்டாம்.

ஃபுல் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், வழக்கமாக 17 மணி நேர எல்லை. அடுத்த வருடம் வேண்டாம். அடுத்த வருடம் இன்னொரு ஹாஃப் போங்கள். மாத்திரை இல்லாமல், காலையை விட ஒரு கிலோவாவது குறைந்த எடையோடு, முட்டி பேசாமல் முடித்தால், அதற்கடுத்த வருடம் ஃபுல்லுக்குப் பெயர் கொடுக்கலாம். எட்டு மணி நேரத்தில் செய்த குடிப்புத் தவறை பதினைந்து மணி நேரத்துக்கு நீட்டினால் என்ன ஆகும் என்பதை யோசித்துத்தான் சொல்கிறேன்.

அதற்குள் கற்க வேண்டியது உங்கள் வியர்வைக் கணக்கு. பங்குனி, சித்திரையில் ஈசிஆரில் மரக்காணம் வரை போய்த் திரும்பினால் சுமார் 110 கி.மீ. வரும், முற்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும், அதுவும் பயிற்சிதான். அந்த நாட்களில் ஒரு மணி நேரச் சவாரிக்கு முன்னும் பின்னும் உடை இல்லாமல் எடை பாருங்கள். 72.4 கிலோ 71.5 ஆனது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள், சிறுநீர் போகவில்லை என்றால் மணிக்கு 1.4 லிட்டர் வியர்வை. பந்தயத்தில் இதை முழுக்க ஈடுகட்ட முயலக் கூடாது. தாகம் எடுக்கும்போது மட்டும், மணிக்கு 800 மி.லி.யைத் தாண்டாமல் குடித்தால் போதும். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு எவ்வளவும் குடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அளவு மீறிய தண்ணீரை எந்த உப்பும் சரிசெய்யாது.

குடிப்பதில் சக்தியும் இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்கு அருமையான மருந்து, ஆனால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதில் 90 கி.மீ. சைக்கிள் ஓடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ சோடியம். வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சை போட்டுக் கலக்குங்கள். அந்த உப்பில் சுமார் 600 மி.கி. சோடியம். 700 மி.லி. பாட்டிலில் 42 கிராம் சர்க்கரை, கூட மூன்று பேரீச்சம்பழம் சேர்த்தால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. முதலில் மணிக்கு 40 கிராமில் தொடங்கி, ஆறு வாரத்தில் 60க்கு வயிற்றைப் பழக்குங்கள். பழக்காத வயிறு ஓட்டத்தின் பத்தாவது கி.மீ.யில் பழிவாங்கும். கடலை மிட்டாய் சைக்கிளின் முதல் பாதியில் சரி. அதன் கொழுப்பு வயிற்றில் நேரம் எடுக்கும் என்பதால் ஓட்டத்துக்கு முன் வேண்டாம்.

கடல் நீச்சலை இப்போதைக்கு நினைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து கடல் அடங்கிய பிறகும் தேவனாம்பட்டினத்தில் தனியாக இறங்கக் கூடாது. கடலை அறிந்த மீனவர் ஒருவர் படகில் கூட வர, பளிச்சென்ற தொப்பியும் இடுப்பில் கட்டிய மிதவையுமாகக் கரைக்கு இணையாக நீந்துங்கள். தாழங்குடா போல ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களிலிருந்து தள்ளியே இருங்கள், அங்கே இழுவை மாறிக்கொண்டே இருக்கும்.

கறுத்த கால் நகம் ஏதாவது இருந்தால் பிய்க்காதீர்கள், தானாக உதிரும். அடுத்த ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் வந்ததும் கிரியாட்டினின், சிபிகே, சோடியம் மூன்றையும், பந்தயத்துக்கு முன் எப்போதாவது எடுத்த பழைய கிரியாட்டினின் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். 1.3 உங்களுக்கு ஏறியதா, எப்போதும் அப்படித்தானா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.